ஓய்ந்த ஆலை மரபுரிமை ஆகுமா? யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து ஒரு மீள்பார்வை

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் சுண்ணக்கல்லும், முருங்கனிலிருந்து ரயிலில் வந்த களிமண்ணும் அங்கே அரைபட்டு, சூளையில் வெந்து சீமெந்தாயின. 1990 யூனில் போர் மறுபடி மூண்டதோடு எல்லாம் நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஆலை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. இயந்திரங்களில் பெரும்பகுதி பழைய இரும்பாகக் கழன்று போய்விட்டது. எஞ்சியிருப்பவை கொங்கிரீட் கூடுகளும் கல் அகழ்ந்த பள்ளங்களுமே.

2009இல் போர் முடிந்த பிறகு இந்த இடத்தைப் பற்றி எழுந்த பேச்சு இரண்டு முனைகளிலேயே நிற்கிறது: மீண்டும் இயக்குவதா, வேறு தேவைக்கு நிலத்தை விடுவதா. அவற்றுக்கு இடையில் மூன்றாவது ஒரு கேள்வி உண்டு. இது பாதுகாக்கத்தக்க மரபுரிமையா? பொருள் செய்வதற்காக மட்டும் கட்டப்பட்ட ஓர் ஆலை, பொருள் செய்வது நின்ற பின் எந்தத் தகுதியில் காக்கப்பட வேண்டும்? உலகின் பல பகுதிகளில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இதற்கு விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றுள் எவை குடாநாட்டுக்குப் பொருந்தும், எங்கே இடறும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கேட்கும் வயது

முதல் விடை சட்டத்தினுடையது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனத்துக்கு ஒரு நாளை எல்லையாக வைத்தது: 1815 மார்ச் 2. அதற்குப் பிந்தியதாயினும் நூறாண்டு கடந்த கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கும் வழியும் இருக்கிறது.

வயதை அளவுகோலாக்குவதில் ஒரு நேர்மை உண்டு. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைகிறது. யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு கோடு கிடைக்கிறது. ஆனால் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். யாழ்ப்பாண அரசு 1619இலேயே போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் வந்தார்கள். குடாநாட்டின் வரலாற்றில் 1815 ஒரு திருப்பமே அல்ல. ஒரு பிரதேசத்தின் அரசியல் முடிவை நாடு முழுவதற்குமான காலக்கோடாக்கியது, 1940இல் சட்டம் வகுத்தவர்களுக்கு இயல்பாகத் தோன்றியிருக்கலாம். இன்று அதை அப்படியே ஏற்பது கடினம்.

இந்த அளவுகோல் தந்த விளைவைக் குடாநாட்டில் நேரிலேயே காணலாம். யாழ்ப்பாணக் கோட்டை, நல்லூரின் மந்திரிமனை, சங்கிலியன் தோரணவாசல், யமுனா ஏரி, கந்தரோடைத் தூபிகள் என்று மரபுரிமை என்றதும் நினைவுக்கு வருபவை ஆட்சியையும் செல்வத்தையும் வழிபாட்டையும் சேர்ந்தவை. உழைப்பு நடந்த இடம் ஒன்று அந்த வரிசையில் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. வேலைத்தலங்கள் மலிவான பொருளில் கட்டப்பட்டவை. தேவை மாறும்போது இடிக்கப்பட்டு மாற்றிக் கட்டப்பட்டவை. ஆகவே நூறாண்டு நின்று தகுதி பெறும் வாய்ப்பு அவற்றுக்கு இயல்பிலேயே குறைவு. சீமெந்து ஆலையும் 2050க்கு முன் அந்த வயதை எட்டாது.

கட்டடமா, ஓட்டமா?

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி முதலில் கட்டடத்தைப் பற்றியதாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜோன் ரஸ்கின் பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதே அதை அழிப்பது என்று வாதிட்டார். பிரான்சின் வியோலே லெ டுக் சிதைந்ததை முழுமைப்படுத்தலாம் என்ற எதிர்முனையில் நின்றார். 1903இல் ஒஸ்திரியாவின் அலோயிஸ் ரீகல் இந்தப் பூசலுக்கு வெளியே ஒரு வழி காட்டினார். நினைவுச்சின்னத்துக்குப் பல மதிப்புகள் உண்டு: முதுமை தரும் மதிப்பு, வரலாற்று மதிப்பு, பயன்பாட்டு மதிப்பு. இவை ஒன்றோடொன்று மோதக்கூடியவை என்றார். ஆலைக்கு இந்தப் பகுப்பு நன்றாகவே பொருந்துகிறது. பயன்பாட்டைக் காக்க வேண்டுமானால் பழைய பாகங்களைக் கழற்றி எறிய வேண்டிவரும். முதுமையைக் காக்க வேண்டுமானால் ஓட்டத்தை நிறுத்த வேண்டிவரும்.

நெதர்லாந்து இதில் ஓட்டத்தின் பக்கம் சாய்ந்தது. காற்றாலைகளைக் காப்பதற்கென 1923இல் அங்கே ஒரு சங்கம் உருவானது. 1972இல் தன்னார்வ ஆலையோட்டிகளின் அமைப்பு தோன்றியது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய ஆலைகள் அந்த நாட்டில் நிற்கின்றன. 1997இல் கிண்டர்டைக் ஆலைத் தொகுதி உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 2017இல், யுனெஸ்கோவின் மற்றொரு பட்டியலில் சேர்ந்தது ஆலையை ஓட்டும் கைத்திறன். காற்றின் திசை பார்த்துப் பாயை விரிக்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் காற்றாலை வெறும் கோபுரம் என்பதை அந்த இரண்டாவது அறிவிப்பு ஒப்புக்கொண்டது.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன ஐங்கோணக் கோட்டையைப் புதுப்பிக்கப் போருக்குப் பின் நெதர்லாந்து அரசு உதவியது. நல்ல காரியம். ஆனால் தம் நாட்டில் மரபுரிமை பற்றி அவர்கள் கற்ற பெரிய பாடம் கோட்டையைச் சேர்ந்ததன்று, ஆலையைச் சேர்ந்தது. அந்தப் பாடம் இங்கே இன்னும் வந்து சேரவில்லை.

ஓட்டத்தைக் காக்கும் இந்த நிலைப்பாட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கைத்திறனால் இயங்கும் சிறிய ஆலைக்கே அது எளிது. நூற்றுக்கணக்கானோர் முறைவைத்து வேலைசெய்த சுழல்சூளையைக் காட்சிக்காக எரிக்க முடியாது.

செக்கு: குடாநாட்டின் மூத்த ஆலை

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. நீராலைக்கு அங்கே வாய்ப்பிருக்கவில்லை. அரைப்பதும் ஆட்டுவதும் மாட்டின் வலுவாலும் மனிதக் கையாலுமே நடந்தன. வீட்டுக்குள் திரிகையும் ஆட்டுக்கல்லும் உரலும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பில் இயங்கின. வீட்டுக்கு வெளியே செக்கு. எள், தேங்காய், இலுப்பை வித்து ஆகியவற்றின் எண்ணெய் சமையலுக்கும் தலைக்கும் மருந்துக்கும் கோயில் விளக்குக்கும் போனது. பிண்ணாக்கு மாட்டுக்கும் தோட்டத்துக்கும் போனது. எதுவும் வீணாகாத ஒரு பொருளாதாரத்தின் நடுவில் செக்கு நின்றது.

இந்தச் செக்கின் வரலாறு தமிழ்நாட்டில் எழுத்திலும் கல்லிலும் தெளிவாக இருக்கிறது. சோழர் கால ஆவணங்களில் செக்கிறை என்ற வரி வருகிறது. எண்ணெய் வணிகரான சங்கரபாடியார் குழு கோயில் விளக்குக் கொடைகளோடு சேர்த்துப் பேசப்படுகிறது. கற்செக்குகளின் மீதே கல்வெட்டுப் பொறித்து ஊருக்குக் கொடையளித்த வழக்கமும் இருந்தது. அத்தகைய செக்குகள் இன்றும் பல ஊர்களில் வயல்வெளியிலும் கோயில் ஓரத்திலும் கிடக்கக் காணலாம். ஆலை ஒன்று மரபுரிமைப் பொருளாகும் என்பதற்குத் தமிழ் மரபுக்குள் வெளிநாட்டுச் சான்று தேவையில்லை என்பதை இவை காட்டுகின்றன. தாம் கொடுத்த செக்கு காலம் கடந்து நினைக்கப்பட வேண்டும் என்று கொடுத்தவர்களே கருதியிருக்கிறார்கள்.

செக்கைக் காட்சிப்பொருளாகக் காக்க வேண்டும் என்ற நிலைப்பாடு இங்கிருந்து பிறக்கிறது. நாட்டுப்புறப் பொருட்களைச் சேர்க்கும் அருங்காட்சியகங்கள் அதைத்தான் செய்கின்றன. பொருள் தப்புகிறது என்பது உண்மை. ஆனால் இரண்டு விடயங்கள் தவறிப் போகின்றன. ஒன்று செய்முறை: எள்ளை எவ்வளவு காயவிடுவது, நீர் எப்போது தெளிப்பது, எண்ணெய் பிரியும் தருணத்தை எந்த ஒலியில் அறிவது. மற்றொன்று ஆட்டியவரின் சமூக நிலை. செக்காட்டுவது குறிப்பிட்ட சாதியின் தொழிலாக வகுக்கப்பட்டிருந்தது. அவர் ஆட்டிய எண்ணெய் கோயில் விளக்கில் எரிந்தது. அவர் சாதிப்படியில் எங்கே நிறுத்தப்பட்டார் என்பது வேறு கதை. கண்ணாடிக்குப் பின்னால் மெருகேற்றி வைக்கப்பட்ட செக்கு அந்தக் கதையைச் சொல்வதில்லை. ஒரு தொழிலின் அழகை மட்டும் பாதுகாத்து, அந்தத் தொழில் ஒருவர்மீது சுமத்தப்பட்ட விதத்தை மறப்பதை நேர்மையான பாதுகாப்பு என்று கொள்ள முடியாது.

செக்கை வேறொரு காரணத்துக்காகக் காத்த உதாரணமும் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரம்பிள்ளை 1908இல் தண்டிக்கப்பட்டு, கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்க வைக்கப்பட்டார். கோயம்புத்தூர் மத்திய சிறை வளாகத்தில் செக்கு ஒன்று அவர் நினைவாகப் பேணப்படுகிறது. சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்திலும் ஒரு செக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே காக்கப்படுவது எண்ணெய் எடுக்கும் தொழில்நுட்பம் அல்ல, ஒரு மனிதர் பட்ட பாடு. ஒரே வகை ஆலை கொடையின் சின்னமாகவும் வதையின் சான்றாகவும் நிற்கக்கூடும் என்றால், மதிப்பு பொருளுக்குள் மட்டும் இருப்பதாகச் சொல்ல இயலாது. யார், எதற்காக நினைவுகூர்கிறார்கள் என்பதில் அதன் பெரும்பகுதி இருக்கிறது.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மரச்செக்கு எண்ணெய்க்குச் சந்தை மீண்டிருக்கிறது. மாட்டுக்குப் பதில் மோட்டார். இதை மரபின் தொடர்ச்சி என்பாரும் உண்டு, வணிகப் பெயர்ப்பலகை என்பாரும் உண்டு. எண்ணெய் ஆட்டும் அறிவில் ஏதோ ஒரு பங்கு இவ்வழியே தப்புகிறது என்ற அளவுக்கு முதல் தரப்பில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

உழைத்தவர் பக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் தொழிலகத் தொல்லியல் என்ற துறை வளர்ந்தது. 1973இல் இதற்கான சர்வதேச மாநாடுகள் தொடங்கின. 2003இல் ரஷ்யாவின் நிஸ்னி தகீல் நகரில் ஒரு சாசனம் ஏற்கப்பட்டது. கட்டடம், இயந்திரம் ஆகியவற்றோடு பட்டறை, சுரங்கம், போக்குவரத்து, தொழிலாளர் குடியிருப்பு, ஆவணம் எல்லாவற்றையும் ஒரே மரபுரிமையாக அது பார்த்தது. இங்கிலாந்தின் டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகளும் (2001) ஜப்பானின் தொமியோக்கா பட்டாலையும் (2014) உலகப் பட்டியலுக்கு வந்தது இந்தச் சிந்தனையின் பலனே.

ஆனால் தொழிலகத்தைக் காப்பது தொழிலாளியைக் காப்பதாகிவிடாது. இதற்கு இலங்கையிலேயே தெளிவான சான்று உண்டு. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகியது. பழைய உருளை இயந்திரங்களும் தோட்டத்துரைமாரின் வரலாறும் அங்கே கவனத்தோடு பேணப்படுகின்றன. கொழுந்து பறித்தவர்களின் வாழ்க்கைக்கென ஓர் இடம் கம்பளைக்கு அருகே, பழைய தோட்ட லயம் ஒன்றில், 2007இல் தனியாக உருவாக வேண்டியிருந்தது. தொழிலாளர் நலனுக்கான ஒரு நிறுவனத்தின் முயற்சி அது. ஒரே தேயிலைக்கு இரண்டு அருங்காட்சியகங்கள். ஒன்றில் இல்லாததை மற்றொன்று சொல்கிறது.

கடல் கடந்தால் நிலைமை இன்னும் கடுமை. பம்பாயில் 1982இன் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஓய்ந்த துணி ஆலைகளின் நிலம் வணிக வளாகங்களாகவும் உயர்மாடிகளாகவும் மாறியது. சென்னைப் பெரம்பூரின் பின்னி ஆலைகளைச் சுற்றித்தான் 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. அந்த ஆலை நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுகின்றன. நிலத்தின் விலை ஏறிய பிறகு மரபுரிமை பற்றிப் பேசத் தொடங்கினால் அதற்குக் காது கொடுப்பவர் குறைவு.

காங்கேசன்துறைக்கு இந்த நோக்கைப் பொருத்தும்போது ஆலையின் அரசியல் வரலாறு முன்னுக்கு வருகிறது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் 1948இல் வந்தது. அதே ஆண்டில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்து கைத்தொழில் அமைச்சரானார். காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம் ஆகிய மூன்று தொழிற்சாலைகளும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. அரசில் சேர்ந்ததையும் குடியுரிமை விடயத்தில் அவர் எடுத்த நிலையையும் ஏற்காமல் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவருடைய தொகுதி காங்கேசன்துறை. 1952 தேர்தலில் அந்தத் தொகுதியிலேயே அவர் தோற்றார்.

அபிவிருத்தியா, உரிமையா என்று இன்றுவரை தமிழ் அரசியலில் ஓயாத விவாதத்தின் முதல் அத்தியாயம் இந்த ஆலையின் வாசலில் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது. பொன்னம்பலத்தை ஆதரிப்பவர்கள் ஆலையை ஒத்துழைப்பின் பலனாகக் காட்டினார்கள். எதிர்த்தவர்கள் மலையக மக்களின் குடியுரிமையை அதற்குக் கொடுத்த விலையாகக் காட்டினார்கள். கட்டட அழகோ வயதோ இல்லாத இந்தக் கொங்கிரீட்டுக்கு மரபுரிமைத் தகுதி கோருவதற்குரிய வலுவான காரணம் இதுவே என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. ஹந்தானையையும் கம்பளையையும் காங்கேசன்துறையோடு சேர்த்துப் படிக்க வேண்டியதும் இதனால்தான்.

மீள இயக்குவதும் மாற்றிப் பயன்படுத்துவதும்

மீள இயக்க வேண்டும் என்போர் முன்வைப்பது எளிய நியாயம்: வேலை வேண்டும். 2015 சனவரியில் ரயில் மறுபடி காங்கேசன்துறையைத் தொட்டது. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. இவை அந்த எதிர்பார்ப்புக்கு வலுச்சேர்க்கின்றன. ஆனையிறவில் உப்பளம் மீண்டும் இயங்குவதையும் காட்டுவார்கள்.

சீமெந்து உப்பைப் போன்றதன்று. குடாநாட்டின் நன்னீரில் பெரும்பகுதி சுண்ணக்கல் அடுக்கில் தேங்கும் நிலத்தடி நீர். அந்தக் கல்லை ஆழமாக அகழ்ந்தால் கடல்நீர் உள்ளே ஏறும் என்ற அச்சம் புறந்தள்ளக் கூடியதல்ல. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம், இந்த நீர் எவ்வளவு எளிதில் கெடும் என்பதை ஊருக்கு உணர்த்திவிட்டது. மூலப்பொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து அரைக்கும் ஆலையாக மட்டும் இயக்கலாம் என்ற யோசனை இந்தத் தடையைத் தவிர்க்கிறது. ஆனால் அது புதிய ஆலை. பழைய இடத்தைப் பயன்படுத்துவது மட்டுமே தொடர்ச்சி.

கட்டடத்தை வேறு பயனுக்கு மாற்றலாம் என்ற நிலைப்பாடு கொழும்பின் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையைக் காட்டும். அது இன்று உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகம். கந்தப்பொளையில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று விடுதியாகி இருக்கிறது. கட்டடம் தானே தன் செலவை ஈட்டுவது இவ்வழியின் பலம். ஆனால் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்ட ஓர் ஊரில், ஆலை நிலம் சுற்றுலாவுக்குப் போவதை ஊரார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதைக் கொழும்பின் அனுபவத்தை வைத்து ஊகிக்க முடியாது.

சிதைவைச் சிதைவாகவே விடுதல்

இன்னொரு நிலைப்பாடு ஆலை நின்றுபோன விதத்தையே காக்கச் சொல்கிறது. ஹிரோஷிமாவில் 1915இல் தொழிற்பொருள் காட்சிக்காகக் கட்டப்பட்ட மண்டபம், அணுகுண்டில் சிதைந்த நிலையிலேயே பேணப்பட்டு 1996இல் உலக மரபுரிமை ஆனது. அது காட்சி மண்டபமாகப் பெற்றிராத பொருளைச் சிதைவாகப் பெற்றது.

குடாநாடு இந்த விவாதத்தை ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிந்தபடியே நினைவிடமாக விட வேண்டும் என்று ஒரு சாராரும், மீளக் கட்ட வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டார்கள். நூலகம் எழுந்தது, வாசகர் திரும்பினார்கள். எரிந்த சுவர் பேசியிருக்கக்கூடியது போய்விட்டது. இரண்டு தரப்பும் எதையோ சரியாகவே சொல்லியிருந்தன என்று இன்று தோன்றுகிறது.

சீமெந்து ஆலைக்கு இதைப் பொருத்துவதில் ஒரு வேறுபாடு தலையிடுகிறது. நூலகம் ஓர் இரவில் எரிந்தது. யார் பார்த்தாலும் அதன் சிதைவு ஒரே நிகழ்வைச் சொல்லும். ஆலையின் சிதைவு போரும், கைவிடலும், இரும்பு கழற்றலும், கடற்காற்றும் பல ஆண்டுகள் சேர்ந்து உண்டாக்கியது. விளக்கம் இல்லாமல் அந்தச் சுவர்கள் எந்தக் கதையைச் சொல்கின்றன என்று பார்ப்பவர் அறியமாட்டார். விளக்கத்தை எழுதுவது யார் என்பது உடனே அடுத்த கேள்வியாகும். ஆனையிறவில் இராணுவம் ஒரு கவச வாகனத்தைத் தன் வீரரின் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறது. இயந்திரம் நினைவாக மாறும் வழி குடாநாட்டுக்குத் தெரியாததல்ல. எந்த நினைவுக்கு அனுமதி கிடைக்கிறது என்பதே அங்கு பிரச்சினை.

இன்னும் தீராதவை

மேற்கண்ட நிலைப்பாடுகள் எதுவும் தனியாகப் போதாது. வயதை அளக்கும் சட்டம் உழைப்பின் இடங்களைக் காணத் தவறுகிறது. ஓட்டத்தைக் காக்கும் வழி செக்குக்குப் பொருந்துகிறது, சூளைக்குப் பொருந்தவில்லை. அருங்காட்சியகம் பொருளைக் காத்துச் சமூகத்தை விடுகிறது. மீள இயக்கம் நீரிடம் தோற்கக்கூடும். இவை எல்லாம் ஆலை இயல்பாக மூப்படைந்து ஓயும் என்ற எண்ணத்தில் பிறந்த விடைகள். காங்கேசன்துறை மூப்படைந்து ஓயவில்லை, நிறுத்தப்பட்டது. அந்த வேறுபாட்டுக்கு ஏற்ற கோட்பாடு இன்னும் முழுமையாக உருவாகவில்லை.

கட்டடம் பற்றிய முடிவு தள்ளிப்போனாலும் ஆவணப்படுத்தலைத் தள்ளிப்போட நியாயம் இல்லை. 1990இல் இருபத்தைந்து வயதில் சூளையருகே நின்றவர் இன்று அறுபதைக் கடந்தவர். 1950களில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் இன்று பேசக் கிடைப்போர் மிகச் சிலராகவே இருப்பர். வரைபடங்கள், சம்பளப் பதிவேடுகள், தொழிற்சங்கக் கடிதங்கள், குடியிருப்புகளின் புகைப்படங்கள் ஆகியவை இடப்பெயர்வில் எவ்வளவு தப்பின, எந்த நாட்டில் யாருடைய பெட்டியில் இருக்கின்றன என்று தேட வேண்டும். செக்காட்டிய குடும்பங்களின் செய்முறை அறிவும் இதே அவசரத்தில்தான் இருக்கிறது. அதைப் பதியும்போது சாதி பற்றிய பகுதியை அவர்கள் எந்த அளவுக்குச் சொல்ல விரும்புகிறார்கள் என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு அப்பால் மூன்று விடயங்கள் திறந்தே இருக்கின்றன. நூறாண்டு நிறையாத தொழிலகங்களுக்குத் தொல்பொருள் சட்டத்தைத் திருத்துவதா, மாகாண மட்டத்தில் வேறொரு பட்டியல் வகுப்பதா? ஆலை வளாகத்தில் எதைக் காப்பது: சூளை நின்ற கூட்டையா, கல் அகழ்ந்த பள்ளத்தையா, தொழிலாளர் விடுதியையா? கடைசியாக, முடிவெடுக்கும் மேசையில் அரசும் முதலீட்டாளரும் அமரும்போது, காணி இழந்தவருக்கும் முன்னாள் தொழிலாளிக்கும் அங்கே எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கை கிடைக்கும்?